இரண்டாம் சொல்

தாம்பரத்தில் வீடு கொண்டோர்க்கு ஒரு தொல்லை உண்டு. அதைத் தொல்லை என்று சொன்னால் கேட்பவர் சிரிப்பார். அனுபவித்தவர் பெருமூச்சு விடுவார். எங்கே குடியிருக்கிறீர்கள் என்று ஒருவர் வினவுகிறார். தாம்பரம் என்கிறோம். "கிழக்கா, மேற்கா?" என்று அடுத்த வினா வருகிறது. மேற்கு என்கிறோம். "அடடா, நாம் கிழக்கில் அல்லவா தேடினோம்!" என்கிறார். ஊர் ஒன்றுதான், நடுவே இருப்புப்பாதை ஓடுகிறது. அந்தப் பாதைக்கு இப்பால் நிற்பவருக்கு அப்பால் நிற்பவர், கடலுக்கு அப்பால் நிற்பவரைப் போன்றவரே.

நம் மைத்துனர் ஒருவர், முதன்முறை நம் இல்லத்திற்கு வந்த நாளை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. அவரை அழைத்துப் போக நாம் நிலையத்து வாயிலில் நின்றோம். கைப்பேசியில் அழைத்தார். "மச்சான், நிலையத்துக்கு எதிரில்தான் நிற்கிறேன்" என்றார். "நாமும் எதிரில்தான் நிற்கிறோம்" என்றோம். "பக்கத்தில் ஒரு பழக்கடை இருக்கிறது" என்றார். நம் பக்கத்திலும் ஒரு பழக்கடை இருந்தது. "கடைக்காரர் கொய்யாப்பழத்துக்கு உப்பு மிளகாய் தூவிக் கொண்டிருக்கிறார்" என்றார். இங்கும் அதுவே நடந்து கொண்டிருந்தது. முக்கால் மணி நேரம் இருவரும் ஒருவரையொருவர் பொய்யர் என்று எண்ணியபடி நின்றோம். அவர் கிழக்கில், நாம் மேற்கில்! கடைசியில் மேம்பாலத்தின் நடுவே சந்தித்தபோது இருவர் கையிலும் கொய்யாப்பழப் பொட்டலம் இருந்தது. கோபம் இருந்த இடம் தெரியவில்லை.

இது முதல் தொல்லை. இரண்டாவது தொல்லை இதனினும் நுட்பமானது.

சென்னைக் கடற்கரை நிலையத்தில் புறப்படும் மின்சார வண்டி, கோட்டை, பூங்கா, எழும்பூர் என்று தொடங்கி, மாம்பலம், சைதாப்பேட்டை, கிண்டி, பரங்கிமலை எனக் கடந்து, மீனம்பாக்கம், திரிசூலம், பல்லாவரம், குரோம்பேட்டை வழியாக வருகிறது. கடற்கரையை ஒன்றென்று எண்ணினால் பதினெட்டாவதாக வருவது தாம்பரம். ஆனால் பதினேழாவதாக வரும் நிலையத்தின் பெயரும் தாம்பரம் என்றே தொடங்குகிறது: தாம்பரம் சானடோரியம். புதிதாக வருபவர் சன்னல் வழியே எட்டிப் பார்க்கிறார். மஞ்சள் பலகையில் தாம்பரம் என்ற சொல் கண்ணில் படுகிறது. அவ்வளவுதான்! மூட்டையைத் தூக்கிக்கொண்டு, "இறங்குங்கள், இறங்குங்கள், ஊர் வந்துவிட்டது" என்று குடும்பத்தையே இறக்கிவிடுகிறார். வண்டி நகர்கிறது. அப்போதுதான் பலகையின் இரண்டாம் சொல்லைப் படிக்கிறார்.

இவ்வாறு ஒரு நிலையம் முன்னதாக இறங்கிய உறவினரின் கணக்கை எடுத்தால் ஒரு கல்யாணப் பந்திக்குப் போதும். நாகூரிலிருந்து வந்து மண்ணடியில் தங்கியிருந்த ஒரு மாமி, தூக்கு நிறைய வாடா சுட்டு எடுத்துக்கொண்டு நம் வீட்டுக்குப் புறப்பட்டு, சானடோரியம் நடைமேடையில் இறங்கிவிட்டார்கள். அடுத்த வண்டிக்குக் காத்திருந்த நேரத்தில், பசித்த முகத்தோடு நின்ற பள்ளிப் பிள்ளைகள் மூவருக்கு ஆளுக்கு இரண்டு என்று கொடுத்துவிட்டார்கள். வீடு வந்து சேர்ந்தபோது தூக்கில் அரைப் பாகமே இருந்தது. "வாடா குறைந்துவிட்டதே என்று வருந்தாதீர்கள், அந்தப் பிள்ளைகள் சிரித்த சிரிப்பைத் தூக்கில் போட்டுக் கொண்டுவர முடியவில்லையே என்றுதான் எனக்கு வருத்தம்" என்றார்கள்.

நம் தமக்கை மகளின் நிகாஹ் மேற்குத் தாம்பரத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. மாப்பிள்ளைக்குரிய மாலையைப் பூக்கடைத் தெருவிலிருந்து வாங்கி வரும் பொறுப்பு ஒரு பெரியவருக்கு. அவரும் அதே நிலையத்தில் அதே தவற்றைச் செய்தார். ஆளுயர ரோஜா மாலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஒருவர் நடைமேடையில் நிற்கக் கண்டோர், ஏதோ கட்சித் தலைவர் வருகிறார் போலும் என்று கூடத் தொடங்கிவிட்டனராம். "யார் வருகிறார்கள்?" என்று ஒருவர் கேட்க, "நான்தான் போகவேண்டும்" என்றாராம் அவர். அடுத்த வண்டியில் வந்து சேர்ந்தார். அவர் வரும் வரை மாப்பிள்ளை தலைகுனிந்து காத்திருந்தார். அன்று முதல் நம் குடும்பத்தில் அவருடைய சொந்தப் பெயர் மறைந்து, சானடோரியம் மாமா என்ற பெயரே நிலைத்துவிட்டது.

இத்தகைய சிறு விபத்துகளால் வாழ்க்கை கெட்டுப் போவதில்லை. உண்மையைச் சொன்னால், இவை இல்லாதிருந்தால் உறவினர் கூடும்போது பேசுவதற்கு நமக்கு என்ன இருக்கும்? நலமாகச் சென்று நலமாகத் திரும்பிய பயணத்தை எவர் நினைவில் வைக்கிறார்? மழையில் நனைந்ததும், குடையை மறந்ததும், வேறொருவர் பையை எடுத்து வந்ததுமே கதையாகின்றன.

அந்த வண்டியின் இன்பங்களையும் இங்கே சொல்லியாக வேண்டும். கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே 1931-ஆம் ஆண்டிலேயே மின்சார வண்டி ஓடத் தொடங்கிவிட்டது. நாம் இங்கே குடிவந்த 1998-இல் மீட்டர் பாதை வண்டிகள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. 2004-ஆம் ஆண்டில் அவை விடைபெற்றன. பாதை அகலமாயிற்று, பெட்டி அகலமாயிற்று, நிற்க இடம் மட்டும் அன்றுபோலவே இன்றும் போதவில்லை. ஆயினும் அந்த நெரிசலுக்குள்ளே ஒரு குடும்பம் வாழ்கிறது. அலுவலகத்திலிருந்து திரும்பும் பெண்மணி கீரை ஆய்ந்து முடித்துவிடுகிறார். மற்றொருவர் மல்லிகை தொடுக்கிறார். கடலைப் பொட்டலக்காரர் அத்தனை பேரின் கால்களையும் மிதியாமல் கடந்து போகிறார். அது ஒரு கலை. மீனம்பாக்கத்தையும் திரிசூலத்தையும் அண்டும்போது விமானம் ஒன்று தலைக்கு மேலே தாழ்ந்து வந்தால், பிள்ளைகள் மட்டுமன்றி, நாளும் அதைக் காணும் பெரியவர்களும் ஒரு கணம் நிமிர்ந்து பார்க்கிறார்கள். மழைக்காலத்தில் சன்னலோர இருக்கை கிடைத்துவிட்டால், அந்த ஒரு மணி நேரத்திற்கு அரச வாழ்வுதான்.

இத்தனையையும் வேடிக்கையாகவே எழுதிக்கொண்டு போகலாம். சானடோரியம் என்ற அந்த இரண்டாம் சொல்லை நாமும் நெடுங்காலம் ஒரு வேடிக்கையாகவே எண்ணியிருந்தோம். நம் வாப்பாதான் அதை நமக்கு வேறுவிதமாகப் படித்துக் காட்டினார்கள்.

நம் உம்மா 2010-இல் மௌத்தானபின், வாப்பா நாகூர் வீட்டைப் பூட்டிவிட்டு நம்மிடம் வந்து சேர்ந்தார்கள். அப்போது அவர்களுக்கு வயது எழுபத்து மூன்று. இளமையில் மண்ணடியில் ஒரு கடையில் கணக்கெழுதி வாழ்க்கையைத் தொடங்கியவர்கள். அந்நாளைய தோழர் ஒருவர் அங்கேயே இருந்தார். வெள்ளிதோறும் வாப்பா மின்சார வண்டியில் கடற்கரை வரை சென்று, மண்ணடியில் ஜும்ஆத் தொழுது, தோழரோடு உண்டு, அஸருக்குப் பின் புறப்பட்டு, மஃரிபு நேரத்திற்கு வீடு திரும்புவார்கள். வாரத்தின் மற்ற ஆறு நாள்களும் அந்த ஒரு நாளுக்காகவே அவர்களுக்கு விடிந்தன என்று சொன்னால் மிகையாகாது.

முதுமையில் மறதி வருவது இயல்பு. மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு வீடெல்லாம் தேடுவார்கள். ஒரு நாள் உளூச் செய்தபின் குழாயைத் திறந்தபடியே விட்டுவிட்டார்கள். மாடித் தொட்டி முழுதும் வடிந்து போயிற்று. அது கோடைக்காலம் அன்று. தண்ணீருக்குப் பெரும் பஞ்சமும் இல்லை. இருந்தும் நாம் அலுவலகம் புறப்படும் அவசரத்தில், "உங்களுக்கு ஒன்றுமே நினைவிருப்பதில்லை வாப்பா" என்று சொல்லிவிட்டோம். சொன்ன தொனி நல்ல தொனியன்று. வாப்பா ஒன்றும் பேசவில்லை. ஈரத் துணியை எடுத்து, தரையில் சிந்தியிருந்த தண்ணீரைத் தாமே துடைக்கத் தொடங்கினார்கள். நம் துணைவியார் ஓடிவந்து துணியை வாங்கிக்கொண்டு நம்மை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு விடை சொல்ல நேரமில்லாததுபோல் நாம் வெளியேறினோம்.

அதே வாரத்து வெள்ளிக்கிழமை; 2011-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். மஃரிபு கடந்தது, வாப்பா வரவில்லை. மணி ஏழாயிற்று. அழைத்துப் பார்த்தால் அவர்களுடைய கைப்பேசி நம் வீட்டு அலமாரியிலிருந்தே ஒலித்தது. மண்ணடித் தோழரை அழைத்தோம். "ஐந்து மணி வண்டியில் ஏற்றிவிட்டேனே, சன்னலோரம் இடம்கூடக் கிடைத்தது" என்றார்கள். கால் நடுங்கிற்று. நிலையத்துக்கு ஓடினோம். நடைமேடைகளையெல்லாம் பார்த்தோம். மேற்கு வாயில், கிழக்கு வாயில், பேருந்துகள் நிற்கும் பெருஞ்சாலை, தேநீர்க் கடைகள் என்று அலைந்தோம். வெள்ளைத் தொப்பியும் வெள்ளைத் தாடியும் கண்ட இடமெல்லாம் மனம் தாவிச் சென்று திரும்பியது.

அச்சம் ஒரு விந்தையான பொருள். அது சிறிது நேரம் நீடித்தால் கோபமாகத் திரிந்துவிடுகிறது. கைப்பேசியை வைத்துவிட்டுப் போனது யார் குற்றம்? எழுபத்து நான்கு வயதில் வாரந்தோறும் தனிப் பயணம் தேவைதானா? கண்டதும் சொல்ல ஒரு வாக்கியத்தை ஆயத்தம் செய்துகொண்டோம்: இனிமேல் நீங்கள் தனியே எங்கும் போக வேண்டாம். நாவின் நுனியில் அதை வைத்துக்கொண்டே தேடினோம்.

அப்போது துணைவியார் அழைத்தார். "சானடோரியத்தில் போய்ப் பார்த்தீர்களா? மாமா பலகையைப் பார்த்து இறங்கியிருக்கலாம்" என்றார். ஊரார் அத்தனை பேரின் தவற்றையும் கதையாகச் சொல்லித் திரிந்த நமக்கு, அது தோன்றாமற் போனதை என்னென்பது! கடற்கரை செல்லும் வண்டியில் ஏறி, அடுத்த நிலையத்தில் இறங்கினோம். அப்போது மணி எட்டரை.

வாப்பா அங்கேதான் இருந்தார்கள். நடைமேடையின் கோடியில், ஒரு சிமெண்டு இருக்கையில் அமர்ந்திருந்தார்கள். பக்கத்தில் இருபது வயது மதிக்கத்தக்க ஓர் இளைஞன். காலடியில் ஒரு துணிப்பை. அதில் வெறும் தூக்குப் பாத்திரம் ஒன்று. அவன் அழுது ஓய்ந்த முகத்தோடு இருந்தான். வாப்பாவின் கை அவன் தோளின்மேல் இருந்தது.

"வா வாப்பா" என்று நம்மை அழைத்தார்கள். மகனை வாப்பா என்றழைப்பது எங்கள் ஊர் வழக்கம். "இந்தத் தம்பிக்குச் செய்யாற்றுப் பக்கம். அண்ணன் இங்கே ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். அவருக்குச் சோறு கொடுத்துவிட்டு வந்தவர். கொஞ்சம் பேசிக்கொண்டிருந்தோம்" என்றார்கள். இரண்டரை மணி நேரம் காணாமற் போனதற்கு அவர்கள் தந்த விளக்கம் அவ்வளவே.

நாவின் நுனியில் இருந்த வாக்கியத்தை நாம் விழுங்கிக்கொண்டோம். அந்தப் பிள்ளையின் எதிரில் சொல்வது முறையன்று என்பதே அப்போது நாம் நமக்குச் சொல்லிக்கொண்ட காரணம். அவன் எழுந்து, "வருகிறேன் பெரியவரே" என்று வாப்பாவின் கைகளைப் பற்றிக்கொண்டான். "முப்பது வருஷம், மறந்துவிடாதே" என்றார்கள் வாப்பா. அவன் தலையசைத்தான். அது என்ன முப்பது என்பது நமக்கு விளங்கவில்லை.

அவன் போனபின் வாப்பா எழவில்லை. "உட்கார்" என்றார்கள். உட்கார்ந்தோம். அன்று அந்த இருக்கையில் கேட்டதை எம் வீட்டார் எவரும் அதற்குமுன் கேட்டதில்லை.

வாப்பாவுக்கு ஒரு தமையனார் இருந்தார்கள், நமக்குப் பெரியவாப்பா. 1958-இல் இருவரும் மண்ணடியில் வேலை பார்த்துவந்த காலத்தில், பெரியவாப்பாவுக்கு இருமலோடு இரத்தம் வந்தது. காசநோய் என்று சொல்லித் தாம்பரத்துக்கு அனுப்பினார்கள். அந்நாளில் அப்பெயரை உரக்கச் சொல்லும் துணிவு எவருக்கும் இல்லை. ஊரில் மணமாகாத தங்கையர் இருவர். இச்செய்தி நாகூர் வரை போனால் பெண் கேட்டு ஒருவரும் வாசற்படி மிதிக்க மாட்டார். எனவே இருபத்தொரு வயது வாப்பா, நானா பெங்களூர்க் கடைக்கு மாற்றலாகிப் போயிருக்கிறார் என்று தம் உம்மாவுக்குக் கடிதம் எழுதினார்கள். மாதந்தோறும் தம் சம்பளத்திலிருந்தே நானாவின் பங்குப் பணத்தையும் சேர்த்து அனுப்பினார்கள். ஞாயிறு வந்தால் தெரிந்த வீட்டில் சொல்லி மீன் ஆணமும் அவித்த முட்டையும் வாங்கித் தூக்கில் வைத்து, மின்சார வண்டியில் வந்து, மரங்களினூடே நடந்து, நானாவின் கட்டிலருகே சென்று அமர்வார்கள். பதினொரு மாதம் இவ்வாறு நடந்தது. பெரியவாப்பா குணமடைந்தார்கள், அதன்பின் முப்பதாண்டு வாழ்ந்தார்கள், மணம் புரிந்து மக்களைப் பெற்றார்கள். ஆனால் அந்தப் பதினொரு மாதம் எங்கே இருந்தார்கள் என்பதை இருவரும் எவருக்கும் சொல்லவில்லை. நம் உம்மாவுக்கும் தெரியாது.

"இந்த ஸ்டேஷனை வண்டி கடக்கிற போதெல்லாம் நான் மறுபக்கத்து சன்னலைப் பார்த்துக்கொள்வேன்" என்றார்கள் வாப்பா. "இன்றைக்கு மழைத்தூறல், பக்கத்தில் மெப்ஸ் கம்பெனிப் பிள்ளைகள் ஏறுகிற நெரிசல், தாம்பரம் என்று எழுதியிருந்ததைப் பார்த்து இறங்கிவிட்டேன். இறங்கியது என் தவறுதான். திரும்பிப் பார்த்தால் இரண்டாவது வார்த்தையும் எழுதியிருந்தது. அதைப் படித்தபின் அடுத்த வண்டியில் ஏறக் கால் வரவில்லை. மஃரிபை இங்கேயே தொழுதேன். பிறகு அந்தப் பிள்ளை தூக்கோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து அழுதான். அவனை விட்டுவிட்டு எப்படி வருவது?"

நாம் வாய்பேசாது இருந்தோம். ஒன்றுமே நினைவிருப்பதில்லை என்று நாம் சொன்னோமே, அந்த மனிதரின் நெஞ்சில் ஐம்பத்து மூன்றாண்டு காலத்து நினைவு ஒன்று, ஒரு சொல்லும் சிந்தாமல், ஒரு தங்கையின் வாழ்வும் கலங்காமல் காக்கப்பட்டிருந்தது. குழாயை மறந்தவர்களைத்தான் நாம் கண்டோம்.

அதன் பின்னரே நாம் அந்த இரண்டாம் சொல்லின் வரலாற்றைத் தேடிப் படித்தோம். டாக்டர் டேவிட் சௌரி முத்து என்ற தமிழர், இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுப் பகுதியில் காசநோயர்க்கான இல்லம் நடத்தித் தேர்ந்தவர். அவர் தாயகம் திரும்பி 1928-ஆம் ஆண்டில் தாம்பரத்தில் இந்த இல்லத்தை நிறுவினார். நோயை வெல்லும் மருந்து எதுவும் உலகில் இல்லாத காலம் அது. தூய காற்று, வெயில், ஓய்வு, நல்லுணவு ஆகியவையே மருத்துவம். அதனாலேயே நகரத்தின் புகைக்கு எட்டாத இவ்விடம் அவருக்கு உகந்ததாயிற்று. 1937-இல் அரசாங்கம் இல்லத்தை ஏற்றுக்கொண்டது. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது 1943-இல்; ஐசோனியசிட் பயனுக்கு வந்தது 1952-இல். பெரியவாப்பா இங்கே வந்து சேர்ந்த நாளில் காற்றோடு ஊசியும் மாத்திரையும் சேர்ந்திருந்தன. அவர்கள் பிழைத்ததன் காரணம் நமக்கு அப்போதுதான் விளங்கிற்று.

இன்னொரு செய்தி நம்மை வியக்க வைத்தது. இதே மின்சாரப் பாதையில் இருக்கும் சேத்துப்பட்டில், 1956-இல் காசநோய் மருந்துச் சிகிச்சைக்கென ஓர் ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. நோயாளர் சிலரை மருத்துவ இல்லத்திலும் சிலரை அவரவர் ஏழைக் குடிசைகளிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வீட்டிலிருந்து மருந்துண்டவர்களும் ஏறத்தாழ அதே அளவு குணமடைந்தார்கள். அவர்களோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதல் தீங்கு நேரவில்லை. 1959-இல் வெளியான அவ்வாய்வு, உலகெங்கும் காசநோய் மருத்துவத்தின் போக்கையே மாற்றியது. எங்கோ ஒரு தொலைவான இல்லத்தில் ஒளித்து வைக்க வேண்டிய நோயன்று அது என்று, பெரியவாப்பா தாம்பரத்தில் ஒளிந்திருந்த அதே காலத்தில், சில நிலையங்கள் தள்ளி மெய்ப்பிக்கப்பட்டுக் கொண்டிருந்தது! இன்று பெரும்பாலோர்க்கு ஆறு மாத மருந்தில் தீர்ந்துவிடும் நோய் அது. மருந்து வந்துவிட்டது, மறைக்கும் பழக்கம் மட்டும் சில வீடுகளில் இன்னும் தீர்ந்தபாடில்லை. செய்யாற்றுப் பிள்ளையும் தன் அண்ணன் வேலைக்குப் போயிருப்பதாகத்தான் ஊரில் சொல்லி வைத்திருந்தானாம்.

இனிமேல் தனியே போக வேண்டாம் என்ற அந்த வாக்கியத்தை நாம் சொல்லவே இல்லை. கைப்பேசியைச் சட்டைப் பையில் வைத்துத் தைக்காத குறையாக ஏற்பாடு செய்தோம், அவ்வளவே. வாப்பா வெள்ளிதோறும் மண்ணடிக்குச் சென்றுவந்தார்கள். அத்தோடு புதிதாக ஒரு வழக்கமும் சேர்ந்தது. சானடோரியத்தில் 2005-இல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. முழங்கால் வலிக்கு அங்கே தைலம் வாங்கப் போகிறேன் என்று மாதம் ஒருமுறை புறப்பட்டுவிடுவார்கள். காலையில் போனால் நண்பகல் கழிந்துதான் திரும்புவார்கள். கூட்டம் அதிகம் போலும் என்று நாம் எண்ணிக்கொள்வோம். துணைவியார் மட்டும், போகும்போது இரண்டு தூக்கில் சோறு கட்டிக் கொடுப்பார். ஒருவருக்கு எதற்கு இரண்டு தூக்கு என்று நாம் கேட்டதில்லை.

வாப்பா 2017-இல் இறையடி சேர்ந்தார்கள். நாற்பது நாள் கழித்து அவர்களுடைய அலமாரியை ஒழுங்கு செய்தபோது, கீழ்த் தட்டில் தைலப் புட்டிகள் வரிசையாக இருந்தன. ஒன்றேனும் திறக்கப்படவில்லை. துணைவியார் அவற்றைப் பார்த்து முதலில் சிரித்தார்; பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மாமாவுக்கு முழங்கால் வலியே இருந்ததில்லை" என்றார். நமக்கு அப்போதுதான் தெரிந்தது. அவருக்கு முன்பே தெரிந்திருந்தது.

இப்போது நமக்கும் வயது அறுபதைத் தாண்டிவிட்டது. மூக்குக் கண்ணாடி அடிக்கடி நெற்றியில் ஏறிக்கொள்கிறது. சென்ற மாதம் அடுப்பில் வைத்த பாலை மறந்து, பாத்திரம் கரியாயிற்று. நம் மகன், "என்ன வாப்பா இது!" என்றான். அதற்குமேல் ஏதோ சொல்ல வாயெடுத்தவன், தன் உம்மாவின் முகத்தைப் பார்த்தான். பேசாமல் பாத்திரத்தை எடுத்துத் தேய்க்கப் போய்விட்டான். நம் காலத்தில் நமக்குக் கிட்டாத அறிவு அவனுக்கு ஒரு பார்வையிலேயே கிட்டிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ்.

தாம்பரத்திற்கு நம் இல்லம் தேடி வரும் அன்பர்களுக்கு நாம் வழி சொல்லும்போது, முன்போல் எச்சரிக்கைகளை அடுக்குவதில்லை. மேற்கு வாயிலில் இறங்குங்கள் என்போம். பலகையில் தாம்பரம் என்று கண்டதும் எழுந்துவிடாதீர்கள், இரண்டாம் சொல் இருக்கிறதா என்று பாருங்கள் என்போம். தப்பித் தவறி முன்னதாக இறங்கிவிட்டாலும் பாதகமில்லை. நான்கைந்து நிமிடப் பயணத் தொலைவுதான். அங்கே இருக்கைகள் உண்டு. பக்கத்தில் யாரேனும் வெறுந்தூக்கோடு உட்கார்ந்திருந்தால், ஒரு வார்த்தை பேசிவிட்டு, அடுத்த வண்டியில் வாருங்கள். சோற்றை மூடி வைத்துக் காத்திருக்கிறோம்.